முதல் மூன்று மாதத்தை யாரிடம் சொல்வது?

"எத்தனை மாசம் அக்கா?"

கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இரண்டு கிறீம் கிறேக்கர் பிஸ்கட், ஒரு துண்டு தேசிக்காய். நான் வாய் திறக்கவில்லை. எட்டாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவுக்கும் கணவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"எனக்கு ஒம்பது கிழமை. காலையில நாலு தரம் சத்தி. உங்களுக்கும் சத்தியா?" என்று அவளே தொடர்ந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த காத்தான்குடித் தங்கச்சி ஒருத்தி திரும்பி, "எனக்கு மீன் பொரிக்கிற மணம் மூக்குல பட்டாலே போதும்" என்றாள். மூன்றாவதாக ஓர் அக்கா. நாலாவது பிள்ளைக்கு வந்திருந்தவர். "மூத்தவனுக்கு ஒண்ணுமே இல்ல. இவனோ இவளோ, படுத்துற பாடு சொல்லி முடியா" என்று சிரித்தார்.

அப்போதுதான் நானும் சொன்னேன், எட்டுக் கிழமை என்று. சொன்னவுடன் நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவை நான் முழுகாமல் இருந்தபோது யாருக்கும் சொல்லவில்லை. பத்தாவது கிழமையில் அது கலைந்து போனபோதும் சொல்லவில்லை. இருந்ததே தெரியாத ஒன்று இல்லாமல் போனதை யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் மூன்று மாதத்தில் எங்கள் பகுதிப் பெண்கள் ஏன் பேசுவதில்லை, பேசினால் என்ன நடக்கிறது, எதைப் பேசவேண்டும் என்பவற்றை எழுத நினைத்தேன். கிளினிக் வாங்கில் காத்திருந்த மணித்தியாலங்களில் கேட்டதும், அதன் பிறகு தேடிப் படித்ததும் இதில் இருக்கின்றன.

மௌனம் எங்கிருந்து வருகிறது

"மூணு மாசம் முடியும் வரைக்கும் வெளியில சொல்லாத புள்ள." மட்டக்களப்பில் இதைக் கேட்காத பிள்ளைத்தாய்ச்சி இல்லை. கண்ணூறு, நாவூறு, கொத்திப் பேய் என்று வீட்டுக்கு வீடு காரணம் மாறும். கருவுற்றதை நேராகச் சொல்லாமல் "முழுகாமல் இருக்கிறாள்" என்று சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கமே எங்களுக்கு உண்டு.

இதை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. முதல் மூன்று மாதத்தில் கரு தங்காமல் போவது அதிகம் என்பதை எங்கள் முன்னோர் கண்ணால் கண்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஊர் முழுக்க விளக்கம் சொல்லும் நிலை மகளுக்கு வரக்கூடாது என்ற அக்கறையும் அந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கும்.

அதோடு அந்தக் காலத்தில் மௌனம் தனிமையாக இருக்கவில்லை. மட்டக்களப்பில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். அம்மா ஒரே வளவில், அக்கா அடுத்த வளவில், பெரியம்மா ஒழுங்கை முனையில். வெளியில் சொல்லாவிட்டாலும் உள்ளே நாலு பெண்களுக்குத் தெரிந்திருக்கும். சோறு ஏலாது என்றால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருந்தது.

இப்போது அந்த ஏற்பாட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது. கிறீம் கிறேக்கர் பிள்ளையின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். அக்கா கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். வீடு இருக்கிறது, வளவு இருக்கிறது, அதற்குள் கேட்க ஆளில்லை. மாலையில் அம்மாவோடு போனில் கதைப்பாளாம். "அம்மா அழுவா எண்டு சத்தி எடுக்கிறதச் சொல்ற இல்ல" என்றாள். பழைய மௌனம் அப்படியே இருக்க, அதைத் தாங்கிப் பிடித்த பெண்கள் மட்டும் தூரப் போய்விட்டார்கள்.

எட்டுக் கிழமைக்கு முன் ஏன்?

மூன்று மாதம் பொறுத்திரு என்ற வழக்கமும் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கும் நேருக்கு நேர் மோதுகின்றன. எட்டுக் கிழமைக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது எங்கள் பேச்சில் மிட்வைப்பிடம், பதிய வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு.

முதலில் கிழமையை எண்ணும் முறையைச் சொல்லவேண்டும். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அதனால் மாதவிடாய் ஒரு கிழமை பிந்தி, பாமசியில் யூரின் டெஸ்ட் வாங்கிப் பார்த்து இரண்டு கோடு தெரியும்போதே ஐந்து கிழமை ஆகிவிடும். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடும். எங்கள் எண்ணிக்கையில் அது ஆறாவது கிழமை. அந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு உதவுவது போலிக் அமிலம். மூன்று மாதம் பொறுத்துப் போய்ப் போலிக் அமிலம் வாங்கினால் அந்த வேலைக்கு அது உதவாது. கல்யாணம் முடித்துப் பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே போலிக் அமிலம் எடுக்கச் சொல்வது இதனால்தான். இரும்புச் சத்துக் குளிசை வழமையாகப் பன்னிரண்டு கிழமைக்குப் பிறகுதான் தொடங்கும்.

பதிந்ததும் உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரத்த வகை, சீனி பார்ப்பார்கள். சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். கடைசி இரண்டையும் கேட்டுப் பல பெண்கள் திடுக்கிடுவதை வாங்கில் கண்டேன். "என்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?" என்று ஒருத்தி கண் கலங்கினாள். யாரையும் சந்தேகித்துச் செய்யும் பரிசோதனை இல்லை அது. கொழும்பில் பெரிய வீட்டில் இருப்பவருக்கும் அதே பரிசோதனைதான். எல்லாத் தாய்மாருக்கும் செய்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. இதை நாலாவது பிள்ளைக்கு வந்த அக்கா தன் பாணியில் சொன்னார்: "எனக்கு நாலு தரமும் எடுத்தவ. நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?" வாங்கு முழுக்கச் சிரித்தது. அழுதவளும் சிரித்தாள்.

இந்த ஏற்பாடு ஒரு நாளில் வந்ததில்லை. இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இந்த நாட்டில் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பதை ஒட்டி நிற்கிறது. ஆஸ்பத்திரிகளும் மருந்துகளும் இதற்குக் காரணம். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்று ஊர் ஊராகப் போய், குடும்பப் பதிவேட்டில் பெயர் எழுதி, வீட்டுப் படலையைத் தட்டிக் கேட்ட மிட்வைப்மாரும் காரணம். அவர்களிடம் சொல்வதை ஊருக்குச் சொல்வதாக எடுக்கக்கூடாது.

சத்தியும் ஓங்காளமும்

வாங்கில் அதிகம் பேசப்படுவது சத்தி பற்றித்தான். பத்துப் பெண்களில் ஏழு எட்டுப் பேருக்கு முதல் மாதங்களில் வயிற்றைக் குமட்டும். நாலு முதல் ஆறாவது கிழமைக்குள் தொடங்கி, ஒன்பதாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்குப் பதினாலு பதினாறு கிழமைக்குள் அடங்கிவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்பதில்லை. எனக்கு மாலையில் குத்தரிசிச் சோறு வடிக்கிற மணத்தோடுதான் வந்தது.

"மனசுல விருப்பமில்லாட்டி இப்படித்தான்" என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மாமி வீட்டுச் சண்டையில் இந்தக் கதையை ஆயுதமாக எடுத்தவர்களும் உண்டு. இதற்கு 2023 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தந்திருக்கிறது. கருவும் நஞ்சும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹோர்மோன் தாயின் இரத்தத்தில் கலந்து மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹோர்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்கு அதன் திடீர் ஏற்றம் கூடுதலாகத் தாக்குகிறது. தலசீமியா என்ற இரத்த நோய் உள்ள பெண்களின் உடம்பில் இது எப்போதும் அதிகம். அவர்களுக்குக் கர்ப்பத்தில் சத்தி மிகக் குறைவு. இந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் பங்கெடுத்திருந்தார்கள். ஆகவே சத்தி உடம்பின் கணக்கு. தாயின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. ஒரே தாய்க்குக்கூடப் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சத்தி இல்லை என்றால் கரு சரியில்லை என்று பயப்படவும் வேண்டாம்.

வாங்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கைமருந்துகளில் பல நல்லவை. எழும்பும் முன்னமே பாயில் இருந்தபடி ஒரு காய்ந்த பிஸ்கட். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. சூட்டோடு மணக்கிற சோற்றைவிட ஆறிய சோறும் தயிரும். இஞ்சித் தேத்தண்ணீர் இலேசான குமட்டலைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. பொரிக்கிற, வடிக்கிற வேலையைக் கணவர் செய்தால் இன்னும் நல்லது. எங்கள் வாங்கில் இந்த யோசனைக்குத்தான் அதிகச் சிரிப்பு.

ஆனால் சிரித்துவிட்டு விடக்கூடாத சத்தியும் உண்டு. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது, உடம்பு நிறை குறைகிறது என்றால் அது வழமையான மசக்கை இல்லை. சேலைன் ஏற்ற வேண்டி வரும். "எல்லாருக்கும் வாறதுதானே" என்ற ஆறுதல் இந்த இடத்தில் ஆபத்து. கிறீம் கிறேக்கர் பிள்ளைக்கு நடந்தது இதுதான். அடுத்த கிளினிக்குக்கு அவள் வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் தங்கவில்லையாம். நாலாவது பிள்ளை அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையைக் கடந்து மிஸ்ஸியிடம் விட்டார். அன்று பகலே வார்ட்டில் சேர்த்தார்கள். முந்தைய கிழமைகளில் அவள் எப்படி இருந்தாள் என்று தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்ததால்தான் மாற்றம் கண்ணில் பட்டது.

கலைந்து போவது

இது எழுதக் கஷ்டமான பகுதி.

உறுதிப்படுத்தப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கலைந்து போகின்றன. அதில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு கிழமைக்குள். அப்படி ஆரம்பத்தில் கலைவதில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கரு உண்டாகும்போதே நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையில் வந்த பிழை. அந்தப் பிழையை யாரும் செய்யவில்லை. யாராலும் தடுத்திருக்கவும் முடியாது.

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. பத்தாவது கிழமையில் இரத்தம் கண்டபோது, முதல் நாள் தண்ணீர்க் குடம் தூக்கினேனே என்று நினைத்தேன். வளவு கூட்டினேனே, கல்யாண வீட்டில் அன்னாசி சாப்பிட்டேனே, மோட்டார் சைக்கிளில் போனேனே என்று ஒவ்வொரு நாளையும் கிளறிப் பார்த்தேன். வார்ட்டில் எனக்குக் கிடைத்த கட்டில் பிள்ளை பெற்ற தாய்மாரின் கட்டில்களுக்கு எதிரில். இரவு முழுக்கக் குழந்தைகள் அழுதன. வீட்டுக்கு வந்தபிறகு அயலில் "வயிற்றுவலி" என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

பத்து நாள் கழித்து மிட்வைப் வந்தார். "ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். கோபமில்லை. நான் அழுதேன். முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கரு தங்கியிருக்குமா என்று கேட்டேன். "அது தங்கியிருக்கும் எண்டு சொல்லமாட்டன். ஆனா இந்தப் பத்து நாளும் நீ இப்படித் தனிய இருந்திருக்கமாட்டாய்" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. முதல் மூன்று மாதத்தைப் பகிர்ந்துகொள்வது கருவைக் காப்பாற்றும் மந்திரம் இல்லை. தாயைக் காப்பாற்றும் வேலை அது.

வாங்கில் நான் என் கதையைச் சொன்ன நாளில், நாலு பேரில் இரண்டு பேர் தங்களுக்கும் நடந்தது என்றார்கள். நாலாவது பிள்ளை அக்கா உண்மையில் ஆறு தரம் கருவுற்றவர். ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு ஆளுக்கொரு "வயிற்றுவலி"யை மறைத்திருக்கிறோம்.

கலைந்த பிறகு கவனிக்க வேண்டியவையும் உண்டு. இரத்தப்போக்கு நிற்காமல் கூடுவது, காய்ச்சல், கெட்ட மணம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அன்டி-டி ஊசி தேவையா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும். அடுத்த பிள்ளைக்கு எப்போது என்பதை மாமியிடம் கேட்காமல் வைத்தியரிடம் கேட்கவேண்டும். நித்திரை, பசி இல்லாமல் கிழமைக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அன்னாசி, பப்பாசி, திரிபோஷா

வாங்கில் சாப்பாட்டுக் கதைக்கு முடிவே இல்லை. அன்னாசி கூடாது, பப்பாசி கூடாது, எள்ளு சூடு, நண்டு கிரந்தி. பட்டியல் நீளும். காயான பப்பாசியின் பாலில் கருப்பையைச் சுருக்கக்கூடிய பொருள் உண்டு என்பதால் காயைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை. சாதாரணமாகச் சாப்பிடும் இரண்டு துண்டு அன்னாசியால் கரு கலையும் என்பதற்குச் சான்று இல்லை. நான் இரண்டு வருடம் சுமந்த குற்றவுணர்வு அந்த இரண்டு துண்டுக்காகத்தான்.

கூடாது என்ற பட்டியல் நீள நீளத் தட்டு வெறுமையாகிறது என்பதுதான் உண்மையான கவலை. ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழ் போனால் கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை என்று கணக்கு. ஆற்று மீன், இறால், முட்டை, பயறு, கீரை எல்லாம் எங்கள் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் மட்டும் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். தேசிப்புளியோ தோடம்பழமோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். பிறகு வரும் கல்சியம் குளிசையை இரும்புக் குளிசையோடு சேர்த்து விழுங்கக்கூடாது.

கிளினிக்கில் தரும் திரிபோஷா சோளமும் சோயாவும் விற்றமின்களும் சேர்ந்த சத்துமா. கர்ப்பிணிக்கென்று தருவது. ஆனால் வீட்டுக்குப் போனதும் அது எல்லோருக்கும் உருண்டையாகிறது. "மூத்த ரெண்டும் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள நான் எப்படிச் சாப்பிடுற?" என்று அக்கா கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. 2022 நெருக்கடியில் திரிபோஷாவே இல்லாமல் போனதையும் நாங்கள் கண்டோம். கர்ப்பிணிகளுக்கான அரசின் போசாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபாயாகப் பத்து மாதத்துக்குத் தொடங்கி, பின்னர் கூட்டப்பட்டது. அதற்கும் பதிவு வேண்டும். அதாவது மறைத்திருக்கும் மாதங்களில் அந்த உதவியும் கைக்கு வராது.

ஆற்றைக் கடப்பது

இதெல்லாம் கிளினிக்குக்கு வரமுடிந்தவர்களின் கதை. மட்டக்களப்பை வாவி இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, ஸ்கேன் எடுக்கும் தனியார் இடங்கள் எல்லாம் எழுவான்கரையில். நாங்கள் ஆறு என்று சொல்லும் இந்த வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வலையிறவு, பட்டிருப்புப் பாலங்களை விட்டால், பல ஊர்களுக்கு 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைதான் நீண்ட காலம் வழி. மண்முனையில் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பெண்கள் பாதையில் ஏறித்தான் அக்கரை போனார்கள். என் அம்மா என்னைச் சுமந்தபோது அது சண்டைக் காலம். பாதையும் சோதனைச்சாவடியும் கடந்து கிளினிக் போய்வர ஒரு பகல் போகுமாம். பாதைக்காகக் காத்துநின்ற மரநிழலில்தான் தானும் மற்றப் பெண்களும் எல்லாக் கதையும் கதைத்தோம் என்பார். அவர்களுக்கு அந்த நிழல்தான் வாங்கு.

இப்போது பாலம் இருக்கிறது. ஆனால் பஸ் குறைவு, மாரியில் உள்வீதிகளில் வெள்ளம், கடன் காசு கட்டும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வரும் கிழமைகள். அதனால் எங்கள் வாங்குக் கூட்டம் ஒரு முடிவு எடுத்தது. நாலு பேரும் ஒருவர் நம்பரை ஒருவர் எழுதிக்கொண்டோம். யாருக்கு இரத்தம் கண்டாலும், ஒருபக்கம் கடுமையான அடிவயிற்று நோ வந்தாலும், மயக்கம், காய்ச்சல் வந்தாலும் இரவென்றாலும் அழைப்பது. இரத்தக் கசிவோடு ஒருபக்க நோவும் மயக்கமும் சேர்ந்தால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். அதற்கு விடியும்வரை பொறுக்கக்கூடாது. 1990 என்று அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தை எங்களில் இரண்டு பேர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

வாங்கைக் கூட்டமாக்குவது

நாங்கள் தற்செயலாகச் செய்ததை மற்ற இடங்களில் முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் கிராமப் பெண்கள் மாதம் ஒருதரம் கூடி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தங்களுக்குள்ள பிரச்சினைகளைப் பேசி, தாங்களே தீர்வு தேடினார்கள். அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தை மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்ததாக 2004இல் 'லான்செட்' சஞ்சிகை வெளியிட்டது. அமெரிக்காவில் ஷரன் ஷிண்ட்லர் ரைசிங் என்ற மருத்துவிச்சி 1990களில் வேறொரு வழி கண்டார். ஒரே காலத்தில் பிரசவிக்க இருக்கும் எட்டுப் பத்துப் பேரை வட்டமாக இருத்தி, கிளினிக்கையே கூட்டமாக நடத்தினார். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும் பெண்கள் குழுக்களுக்கு இடம் இருக்கிறது.

இலங்கையில் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. கணவரையும் அழைத்து நடத்தும் கர்ப்பகால வகுப்புகளும் உண்டு. புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. கிளினிக் நாளில் காத்திருக்கும் நேரத்தில் அரை மணித்தியாலத்தை, புதிதாகப் பதிந்தவர்களை ஒன்றாக இருத்திப் பேசவிட்டால் போதும். மிட்வைப் பக்கத்தில் இருந்தால் பிழையான கதை அங்கேயே திருத்தப்படும்.

ஏனென்றால் வாங்கு எப்போதும் நல்லதே சொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். "உன் வயிறு ஏன் இன்னும் தெரியல்ல?" என்று ஒப்பிட்டுப் பயமுறுத்துபவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த குளிசையை இன்னொருவருக்குப் பிரித்துக்கொடுத்ததையும் கண்டேன். ஒருத்தி சொன்ன இரகசியம் இன்னொருத்தியின் ஒழுங்கைக்குப் போய்ச் சேரவும் கூடும். நாங்கள் நாலு பேரும் மூன்று விதி வைத்துக்கொண்டோம். இங்கே கேட்டது இங்கேயே. குளிசை பற்றி மிஸ்ஸியிடம்தான் கேட்பது. சொல்ல விருப்பமில்லாதவளைக் கேட்டு நெருக்குவதில்லை.

மூன்று மாதம் வரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது ஒவ்வொருவரின் உரிமை. நானும் இந்த முறை ஊருக்குச் சொன்னது பதினாலாவது கிழமையில்தான். ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பதும் ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. மிட்வைப்புக்கு ஒரு சொல், நம்பிக்கையான ஒரு பெண்ணுக்கு ஒரு சொல். அது போதும்.

கிறீம் கிறேக்கர் பிள்ளை ஐந்தாம் நாள் வார்ட்டில் இருந்து வீட்டுக்கு வந்தாள். அன்று இரவு எங்கள் மூவருக்கும் அழைத்துச் சொன்னாள். தண்ணீர் நிற்கிறதாம். ஸ்கேனில் இதயம் துடிப்பது தெரிந்ததாம். குவைத்தில் இருக்கும் அம்மாவுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அம்மா அழுதாராம். "அழட்டும் அக்கா. சொன்ன பிறகு எனக்கு நித்திர வருது" என்றாள்.